அந்த ஞாயிற்றுக்கிழமை முட்டை இருந்ததா?

தேன்பெட்டியின் மூடியைத் தூக்கியதும் முகத்தில் மோதுவது தேன் வாசனை என்று யாராவது சொன்னால், அவர் பெட்டியைத் திறந்து பார்த்ததே இல்லை என்று நான் முடிவு கட்டிவிடுவேன். முதலில் வருவது வெதுவெதுப்பு. அதற்குப் பின்னால் மெழுகும் பழைய சாக்கும் கலந்த வாசனை, அதற்கும் பின்னால், உள்ளே தேனீப் புழுக்கள் நலமாக இருந்தால், லேசான பால் வாசனை. எங்கள் திருவொற்றியூர் வீட்டின் பின்பக்கத்தில் இவற்றோடு கூடவே எந்தத் தொழிற்சாலையோ திறந்துவிட்ட காற்றின் காட்டமும் வந்து சேரும். 'இது இன்னா நாத்தம், எவன் வுட்டான்' என்று தெருவே மூக்கைச் சுளித்துக்கொண்டு விசாரணை நடத்துகிற இடத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். பால்காரரை அம்மா நம்ப மாட்டாள், ரேஷன் கடைத் தராசை அப்பா நம்ப மாட்டார், இரண்டு பேரும் சேர்ந்து என்னை நம்ப மாட்டார்கள். நான் யாரையுமே நம்பியதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு, ஒரு நாளைக்குள் சொல்லாமல் கொள்ளாமல் பறந்துபோய்விடக்கூடிய சில ஆயிரம் பூச்சிகள் குடிவந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதை.

அப்பாவை நான் 'நைனா' என்றுதான் கூப்பிடுவேன். பெயர் ஏகாம்பரம். ஒரு தொழிற்சாலையில் 'இன்ஸ்பெக்‌ஷன்' பிரிவில் இருந்தார். அடுத்தவர்கள் கடைந்து அனுப்புகிற இரும்புச் சாமான்களை அளந்து பார்த்து, சரியில்லாததைத் தூக்கித் தனியே வைப்பது வேலை. அவரோடு வேலை பார்த்த தங்கராஜ் சார் மார்த்தாண்டத்துக்காரர், ஊரில் தேனீ வளர்க்கிற குடும்பம். ஒரு லீவு முடிந்து திரும்பும்போது, நைனா நச்சரித்ததன் பேரில், வாசலில் வலை கட்டிய இரண்டு பெட்டிகளை ரயிலில் கொண்டுவந்து சேர்த்தார். ஒன்று எங்களுக்கு. இன்னொன்று பின்மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த அந்தோணி மாமாவுக்கு.

அந்தோணி மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நைனாவும் அவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த மதில் இடுப்பளவுதான். அவர் மனைவி ரோசி அத்தை மீன் குழம்பு வைத்தால் கிண்ணம் அதன் மேல் வந்து உட்கார்ந்திருக்கும், வெறும் கிண்ணமாக ஒருநாளும் திரும்பிப் போனதில்லை. எங்கள் பக்கம் முருங்கை மரத்தடியில் ஒரு பெட்டி, அவர்கள் பக்கம் தென்னை மரத்தடியில் ஒரு பெட்டி. எறும்பு ஏறாமல் இருக்க ஸ்டாண்டின் நான்கு கால்களும் பெயிண்ட் டப்பாக்களுக்குள் நிற்கும். டப்பாவில் தண்ணீரும் அதன் மேல் நைனா கொண்டுவந்த கழிவு ஆயிலும். தேனீக்கள் எங்கே போய் வருகின்றன என்று எங்களுக்குத் தெரியாது. ரயில்வே லைன் ஓரத்துச் சீமைக் கருவேலத்துக்கு என்று நைனா சொல்வார், டீக்கடைச் சர்க்கரைக்கு என்று அம்மா சொல்வாள்.

நைனாவின் பிரிவில் ஒரு சட்டம் உண்டு. 'செஞ்சவன் செக் பண்ணக் கூடாது.' தான் செய்த சாமானைத் தானே பார்த்தால் கண் பொய் சொல்லும் என்பார். அந்தச் சட்டத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து அந்தோணி மாமா வந்ததும் எங்கள் பெட்டியை அவர் திறப்பார், நைனா பக்கத்தில் தேனீக்களை அடக்குகிற புகை டப்பாவோடு நிற்பார். பிறகு இருவரும் மதிலைத் தாண்டிப் போவார்கள், அவர் பெட்டியை நைனா திறப்பார். உன் பெட்டியை நான் பார்க்கிறேன், என் பெட்டியை நீ பார். ஊரில் யாரும் இப்படித் தேனீ வளர்ப்பதில்லை என்று தங்கராஜ் சார் சிரித்தார்.

இதில் ஒரே ஒரு சிக்கல். இரண்டு பேருக்கும் வெள்ளெழுத்து. அத்தனை உயரத்தில் உட்கார்ந்துகொண்டு கீழே கப்பலுக்குள் கிடக்கிற கொக்கியைப் பார்க்கிற அந்தோணி மாமாவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தெரியாது. கண்ணாடி போட்டால் முகவலைக்குள் வியர்த்து மங்கிப்போகும். ஆனால் பெட்டியில் பார்க்க வேண்டிய முக்கியமான சங்கதியோ அரிசியில் பாதிகூட இல்லாத முட்டை. அதனால் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என்னை இரண்டு பெட்டிக்கும் கண்ணாக நியமித்தார்கள். பெட்டிக்குள் வரிசையாக நிற்கும் மரச்சட்டங்களில் ஒன்றைத் தூக்கி, அதில் ஒட்டியிருக்கும் அடையைச் சூரியனுக்குச் சாய்த்துப் பிடித்து, 'முட்டை கீதா?' என்று கேட்பார் அந்தோணி மாமா. வெயில் அறைகளின் அடிவரை இறங்கும். நான் பார்த்து 'கீது மாமா' என்பேன். அதற்குப் பிறகுதான் இருவரும் மூச்சு விடுவார்கள்.

ஏனென்றால் கணக்கு அதில்தான் இருந்தது. ராணி இட்ட முட்டை மூன்று நாள்தான் முட்டை. முதல் நாள் அறையின் அடியில் நட்டு வைத்த நூல்துண்டு மாதிரி நிற்கும், பிறகு சாயும், மூன்றாம் நாள் படுத்துவிடும், நான்காம் நாள் புழு. ஆகவே முட்டை இருந்தால் மூன்று நாளைக்குள் ராணி அங்கே நடந்திருக்கிறாள் என்று அர்த்தம். அவளைத் தேடிக்கொண்டு பெட்டியைக் கலைக்க வேண்டியதில்லை. தங்கராஜ் சார் இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொல்லியிருந்தார். அடையில் வேர்க்கடலை மாதிரி பெரிய அறைகள் தொங்கினால் அது ராணி அறை. முட்டையும் இருந்து ராணி அறையும் இருந்தால் கூட்டம் இரண்டாகப் பிரிந்து பறக்கத் தயாராகிறது, கிள்ளிப் போடுங்கள். முட்டை இல்லாமல் ராணி அறை மட்டும் இருந்தால் பழைய ராணி போய்விட்டாள், புதியவளை வளர்க்கிறார்கள், தொட்டுவிடாதீர்கள். பெட்டியின் உயிரும் சாவும் என் கண்ணில் இருந்தது. பதினோரு வயதில் எனக்கு அது தலைக்கனமாகத்தான் இருந்தது, பயமாக இல்லை.

சந்தேகத்தை முதலில் கிளப்பியது அம்மா. அந்த வருஷம் அந்தோணி மாமா பெட்டியில் தேன் அதிகம். எங்களுக்கு ஒரு பாட்டில், அவர்களுக்கு மூன்று. 'நம்ம பொட்டிய வாரா வாரம் தொறக்கறது அவரு. உள்ள இன்னா பண்றாருன்னு யாருக்குத் தெரியும்?' என்று பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மா சொன்னாள். நைனா 'சும்மா கிட' என்றார். நான் சும்மா கிடக்கவில்லை. இத்தனை மாதத்தில் ராணியை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முட்டை இருந்தால் போதும் என்று சொன்னது யார்? பெரியவர்கள். பெரியவர்களை நம்பலாமா?

ஒரு திங்கட்கிழமை. நைனா இரண்டாம் ஷிஃப்ட், அம்மா தண்ணி லாரிக்குக் குடத்தோடு வரிசையில். நான் பள்ளிச் சீருடையோடு போய்ப் பெட்டியைத் திறந்தேன். புகை போட்டால் மதிலுக்கு அப்பால் தெரிந்துவிடும் என்று போடவில்லை. இரண்டாவது சட்டத்தில் ராணி இருந்தாள். மற்றவர்களைவிட நீளம், கருத்த உடம்பு, அவசரமே இல்லாத நடை; அவள் போகிற வழியில் மற்றவை ஒதுங்கி நின்றன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த நொடி மணிக்கட்டில் சுருக்கென்று ஒரு கொட்டு. கை உதறியதில் சட்டம் நழுவி, பக்கத்துச் சட்டத்தோடு உரசிக்கொண்டு 'டப்'பென்று உள்ளே விழுந்தது. மூடியைப் போட்டுவிட்டு ஓடினேன். சட்டம் விழுந்தபோது அவள் எந்தப் பக்கம் இருந்தாள் என்று பார்க்கவில்லை.

மறுநாள் காலை பல் துலக்கப் போனபோது பார்த்தேன். பெட்டிக்குக் கீழே மண்ணில் அவள் நசுங்கிக் கிடந்தாள். மற்றவை இழுத்து வெளியே தள்ளியிருக்க வேண்டும். நான் ஒரு முருங்கைக் குச்சியால் அவளை உருட்டி ஆயில் டப்பாவுக்குள் தள்ளினேன். கறுப்பு ஆயிலில் அவள் இருக்குமிடம் தெரியவில்லை. அதுவரை இருந்த பயம் அத்தோடு கொஞ்சம் குறைந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிறு வந்தது. அந்தோணி மாமா பூசை முடிந்த சலவைச் சட்டையோடு வந்து எங்கள் பெட்டியைத் திறந்தார். அடையின் நடுவில் நான்கு ராணி அறைகள் தொங்கின. அவ்வளவு பெரியவை அவருக்கே தெரிந்தன. 'ஏகா, ராணி ரூம் கட்டிகீதுங்க' என்றார். நைனாவின் முகம் சுண்டிவிட்டது. அந்தோணி மாமா சட்டத்தை வெயிலுக்குச் சாய்த்து என் பக்கம் நீட்டினார்.

'நல்லா பாத்து சொல்லு கண்ணு. முட்டை கீதா?'

இல்லை. ஒன்றுகூட இல்லை. எல்லா அறையிலும் தடித்த புழுக்கள், மூடிய அறைகள், வெற்று அறைகள். ராணி செத்து ஆறு நாள் ஆகியிருந்தது, முட்டை எங்கிருந்து வரும்? இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி ராணி எப்படிப் போனாள் என்பது. என் மணிக்கட்டு வீக்கம் அப்போதுதான் வடிந்திருந்தது. நைனா என்னைப் பார்ப்பதாகவும், அந்தோணி மாமா என் கையைப் பார்ப்பதாகவும், அம்மா ஜன்னலில் நிற்பதாகவும் எனக்குத் தோன்றியது.

'கீது மாமா' என்றேன்.

'அப்ப பிரிஞ்சி போவத்தான் பாக்குதுங்க' என்று சொல்லிவிட்டு, அவர் கட்டைவிரல் நகத்தால் நான்கு அறைகளையும் ஒவ்வொன்றாகக் கிள்ளினார். கடைசியைப் பிளந்து என்னிடம் காட்டினார். வெள்ளைக் கூழுக்குள் ஒரு புழு சுருண்டு கிடந்தது. எங்கள் பெட்டிக்கு வரவேண்டிய ராணி அதுதான் என்று அந்த இடத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். மூன்றாவது ஞாயிறு சட்டத்தைத் தூக்கினால் அறைக்கு இரண்டு மூன்று முட்டை! நான் சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். ஆயிலுக்குள் தள்ளியது வேறு ஏதோ பூச்சி, ராணி இருக்கிறாள் என்று மனசு துள்ளியது. 'நம்ம ராணி டபுள் டூட்டி பாக்குதுடா அந்தோணி' என்று நைனாவும் சிரித்தார். ராணி இல்லாத கூட்டில் வேலைக்காரத் தேனீக்களே கண்டபடி முட்டையிடும், அதிலிருந்து வெறும் ஆண்கள் மட்டும்தான் பிறக்கும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியாது. பிறந்தார்கள். தடித்த உடம்பும் பெரிய கண்ணுமாக, ஒரு வேலையும் செய்யாமல் தின்றுவிட்டு வெயில் காய்ந்தார்கள். வேலைக்காரிகள் நாளுக்கு நாள் குறைந்தார்கள். அடையில் நூலாம்படை மாதிரி மெழுகுப்பூச்சியின் வலை படர ஆரம்பித்தது. பெட்டியைத் திறந்தால் பால் வாசனை இல்லை.

தங்கராஜ் சாரைக் கூட்டிவந்து காட்டினார் நைனா. அவர் ஒரு சட்டத்தை வெயிலில் பார்த்துவிட்டு, ராணி போய் ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது என்றார். ராணி அறை கட்டியிருக்குமே என்று கேட்டார். நைனா சொன்னார், கட்டியது, கிள்ளியாயிற்று என்று. எங்கே தொங்கியது, நடுவிலா, அடியிலா? நடுவில். 'நடுவில தொங்கினா ராணி போயிட்டுதுன்னு அர்த்தம். அத யாரு கிள்ளினா?'

யார் கிள்ளினார்கள் என்பது நைனாவுக்குத் தெரியும். வாரா வாரம் பெட்டியைத் திறந்தது யார், அதுவும் தெரியும். யார் பெட்டியில் மூன்று பாட்டில் தேன் என்பது அம்மாவுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று நைனா போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

'எம் பொட்டி ராணி எங்கடா? உன் பொட்டில போட்டுகினியா?'

ஒரு பெட்டியில் இரண்டு ராணி இருக்க முடியாது என்பது நைனாவுக்குத் தெரியாததல்ல. சந்தேகத்துக்கு அதெல்லாம் கணக்கில்லை. அந்தோணி மாமா கையில் டீ டம்ளரோடு அப்படியே நின்றார். 'இன்னா ஏகா பேசற நீ? உம் பொண்ணுதானே பாத்துச்சு. முட்டை கீதுன்னு சொல்லிச்சு, கிள்ளுனேன்' என்றார். நைனா என் பக்கம் திரும்பினார்.

'சொல்லு. அன்னிக்கு முட்டை இருந்துச்சா?'

அதுதான் எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு. இரண்டு பேருடைய முப்பது வருஷ சிநேகிதம் என் நாக்கு நுனியில் நின்றது. அடி விழும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

'இருந்துச்சு நைனா. அப்ப ராணியும் இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் காணோம்.'

கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். அந்தோணி மாமா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் மறந்திருப்பேன். 'கொயந்த பொய் சொல்லாது. எங்கனாத்தான் தப்பு நடந்துகீது' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த வாரமே நைனா மதிலை இரண்டு அடி உயர்த்தி, மேலே பாட்டில் சில்லுகளைப் பதித்தார். மீன் குழம்புக் கிண்ணம் ஒன்று எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அந்தோணி மாமா தன் பெட்டியை அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. ரோசி அத்தை கடைத்தெருவில் அம்மாவிடம் சொன்னாளாம், 'பாக்க வேண்டியவன் வரல, நான் எப்டி தொறக்கறதுன்றாரு' என்று. செஞ்சவன் செக் பண்ணக் கூடாது என்ற சட்டத்தை அவர் கடைசிவரை மீறவில்லை. பார்ப்பாரில்லாத கூட்டம் ஒரு நாள் மத்தியானம் தென்னை மரத்துக்கு மேல் இரைச்சலோடு எழும்பி, ரயில்வே லைன் பக்கம் போய் மறைந்தது. எங்கள் மொட்டை மாடியிலிருந்து அதைப் பார்த்த நைனா, 'திருட்டு ராணி தங்குமா?' என்றார்.

இப்போது நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கண்ணாடித் துண்டில் கிருமி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வது வேலை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்ப்பேன், பிறகு பக்கத்து மேஜைப் பெண்ணையும் பார்க்கச் சொல்வேன். ரொம்பவும் பொறுப்பானவள் என்று பெயர். என் கண்ணை நான் சந்தேகப்படவில்லை, வாயைத்தான் சந்தேகப்படுகிறேன் என்று அவர்களிடம் சொன்னதில்லை.

போன மாதம் ரோசி அத்தை இறந்துவிட்டாள். ஒரே மதில்தான் நடுவில், ஆனால் நைனா போகவில்லை. பின்பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அந்தப் பக்கத்து அழுகையையும் ஜெபத்தையும் கேட்டுக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன்: திங்கட்கிழமை, கொட்டு, ஆயில் டப்பா, இல்லாத முட்டை. நைனா முழுக்கக் கேட்டார். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, 'இத்தச் சொல்லச் சொல்லி அவன் உன்னாண்ட எப்ப பேசுனான்?' என்றார். எவ்வளவு சத்தியம் செய்தும் பயனில்லை. பொண்டாட்டி செத்த வீட்டைப் பார்த்து நான் இளகிவிட்டேன் என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

முப்பதாம் நாள் பூசையன்று அந்தோணி மாமா வீட்டுக்குப் போனேன். தென்னை மரம் இல்லை, அந்த இடத்தில் பைக் நிறுத்தக் கொட்டகை போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து முருங்கையும் புயலில் போயிற்று, அங்கே இப்போது தண்ணீர் மோட்டார். மதில் மட்டும் அப்படியே நின்றது. மாமா ரொம்பவும் ஒடுங்கிப்போயிருந்தார். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நைனாவிடம் சொன்னதையெல்லாம் திரும்பவும் சொன்னேன். அன்று ஒரு முட்டைகூட இல்லை மாமா, நான் பொய் சொன்னேன், நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை என்றேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதுவிட்டேன்.

'ஏகா அனுப்பிச்சாரா?'

'இல்ல மாமா.'

'மதிலு விசயமா எதுனா பேசணுமா?'

'ஐயோ, இல்ல மாமா. மெய்யாலுமே இத்த சொல்லத்தான் வந்தேன்.'

அவர் குனிந்து, மோவாயைப் பிடித்து என் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தார். அப்போதெல்லாம் அடையைச் சாய்ப்பாரே, அதே சாய்ப்பு. புரை விழுந்த கண்ணால் வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

'அன்னிக்கு கீதுன்ன, நம்புனேன்' என்றார். 'இன்னிக்கு இல்லன்ற. எனக்கு அப்பயும் கண்ணு தெரியல, இப்பயும் தெரியல. நான் இன்னாத்தம்மா நம்பறது?'